கொடுக்காத பால்

என் அத்தை மயிலாத்தாளைப் பற்றிக் கரட்டுப்பதியில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: பெற்ற பெண்ணுக்குப் பால் கொடுக்காதவள். அதற்கப்புறம்தான், அவள் ஒண்டியாக நின்று நாலு ஏக்கர் கடலைக்காடு பார்த்தது, மாநில எல்லையில், வாளையார் செக்போஸ்டில் வண்டியை மறித்த போலீஸ்காரனோடு மலையாளத்திலேயே சண்டை போட்டு ஜெயித்தது எல்லாம் வரும். ஒரு மனுசியின் ஐம்பது வருசத்தை ஒரே வரியில் முடித்துவிடுவதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வரி பொய் என்றால் நான் அதோடு சண்டை போட்டிருப்பேன். பொய்யில்லை என்பதுதான் என் எரிச்சல்.

நான் அவளுடைய தம்பி அப்புசாமியின் மகள். பெயர் நாச்சம்மாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் தோட்டத்துக்கும் அத்தையின் தோட்டத்துக்கும் அரை மைல் தூரம். சின்ன வயதில் நான் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். அத்தை மகள் கமலாத்தாள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எனக்கு நங்கை முறை. அவள் இருபத்தேழு வயதில் செத்துப்போனாள். அவள் ஏன் செத்தாள் என்று இந்த ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு அத்தையின் அம்மா முத்தாத்தாளிடமிருந்து தொடங்க வேண்டும். நான் அவளைப் பார்த்ததில்லை. 1940இல், முப்பத்தெட்டு வயதில், மாரில் கட்டி வந்து அது உடைந்து புண்ணாகி இறந்தாள். பதினாலு வயது மயிலாத்தாள்தான் காலையும் மாலையும் துணி மாற்றிக் கழுவிவிட்டாள். முத்தாத்தாளின் அம்மாவும் அதே மாதிரிதான் போனாளாம். ஏழு வருசம் கழித்து மயிலாத்தாளின் அக்கா காளியாத்தாளுக்கும் வந்தது. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது. அவளுக்கும் துணி மாற்றியது மயிலாத்தாள்தான்.

இதெல்லாம் வெளியே தெரியாது. முத்தாத்தாள் வயிற்றுவலியில் போனாள், காளியாத்தாள் விஷக் காய்ச்சலில் போனாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் சாதகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால், பெண்ணின் தாய் எதில் போனாள் என்று கேட்டுவிடுவார்கள். ஒரு வீட்டுக்குப் பேர் கெட்டால் அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் உட்கார வேண்டியதுதான். அதனால் எங்கப்பனும் வாயைத் திறக்கவில்லை. நான் டீச்சராகிச் சம்பளம் வாங்கிய பிறகும் கொஞ்ச காலம் எனக்கே அந்த வயிற்றுவலிக் கதைதான் தெரியும்.

அத்தை மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். படிக்காதவள்தான், ஆனால் எந்த மாட்டுக்கு என்ன சீக்கு, எந்த வயலில் எந்த வருசம் பூச்சி விழுந்தது என்று விரல் மடக்காமல் சொல்வாள். அந்தப் புத்தியைத்தான் இதிலும் போட்டாள். அம்மா அவளுடைய அம்மாவிடம் பால் குடித்தவள், அம்மாவுக்கு வந்தது. அக்கா நாலு வயது வரைக்கும் அம்மாவிடம் குடித்தவள், அக்காவுக்கும் வந்தது. தான் குடித்தது ஒரே வருசம், அதற்குள் தம்பி வயிற்றில் வந்துவிட்டான், அதனால் தப்பித்தோம். ஆம்பளைக்கு மார் கிடையாது, தம்பிக்குப் பயமில்லை. ஆகவே அது பாலில் வருகிறது. தாய் மாரில் இருந்து மகள் மாருக்குப் போகிறது. இந்தக் கணக்கில் நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த எல்லா விவரத்தையும் வைத்துத்தான் போட்டாள்.

1949இல் கமலாத்தாள் பிறந்தாள். பிறந்த வீட்டில் பார்க்க ஆள் இல்லாததால் புருசன் வீட்டிலேயே பிரசவம். பெண் என்று தெரிந்த உடனே அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். பெண் பிறந்த வருத்தம் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பால் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மாமியார் பூண்டும் சுறாக்கருவாடும் ஆக்கிப்போட்டு ஓய்ந்துபோனாள். பால் வந்துகொண்டுதான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, உதிரி மல்லிகையை மாரில் பரப்பி, பழஞ்சேலையைக் கிழித்து மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் செய்கிற வைத்தியம் அது, குழந்தை செத்துப் பிறந்தவர்களுக்குச் செய்வது. அப்படியும் கட்டிக்கொண்டு வலி பிடுங்கும்போது, கொல்லையில் ஆள் மிதிக்காத மூலையாகப் பார்த்து முருங்கை மரத்தடியில் பீச்சிவிட்டாள். அந்த மரத்தில் காய்த்த காயை அப்புறம் யாரையும் சமைக்கவிடவில்லை. எதற்கு என்று கேட்டால் கசக்கும் என்பாள். ஒரு நாள் அவளே அரிவாளை எடுத்து அதை வெட்டிப்போட்டாள்.

குழந்தைக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றால் போய்ப் பத்து நாளில் வற்றிவிட்டது. ஓடைக்கு அந்தப்பக்கம், ரோட்டோரம் மளிகைக்கடை வைத்திருந்த முகம்மது குட்டியின் மனைவி ரம்லாவுக்கு அப்போதுதான் ஹக்கீம் பிறந்திருந்தான். அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஓடையைத் தாண்டி அவர்கள் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள்.

“ரம்லா, இத எப்படியாச்சும் பொழைக்க வெச்சிரு.”

ரம்லா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். முகம்மது குட்டி மட்டும் கடையிலிருந்து வந்து எட்டி நின்று சொன்னார்: “எங்களுக்கு இதுல ஒரு மொறை இருக்குங்க. எங்கூட்டுப் பாலு குடிச்சா அது எங்க புள்ள. ஹக்கீமுக்குத் தங்கச்சி. பின்னால அது இல்லேன்னு ஆகாது.”

“ஆகட்டுமுங்க” என்றாள் அத்தை.

ஊர் சும்மா இருக்குமா. துலுக்கன் வீட்டுப் பால் என்று மாமியார் ஒரு மாசம் சோறு தின்னாமல் படுத்திருந்தாள். குழந்தை ஓடை தாண்டி வரும்போதெல்லாம் தலையில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள். மாமா ஒரு சாது, இருந்தும் இல்லாத மாதிரி. எல்லா வசவையும் அத்தை வாங்கிக்கொண்டாள். காரணத்தை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வீட்டுக்குப் பேர் கெடும், பின்னால் கமலாத்தாளை யாரும் கட்டமாட்டார்கள். ஒன்றே முக்கால் வருசம் கமலாத்தாள் ரம்லாவின் மடியில்தான் வளர்ந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள்.

மூன்று வருசம் கழித்து நஞ்சப்பன் பிறந்தான். பையன். அவனுக்கு மூன்று வயது வரைக்கும் அத்தை பால் கொடுத்தாள். கடலை பறிக்கிற இடத்திலும் கொடுப்பாள், கோயில் வாசலில் உட்கார்ந்தும் கொடுப்பாள். அவளுக்கு அதில் எவ்வளவு ஆசை இருந்தது என்று நானே பார்த்திருக்கிறேன். அதை எதிரில் உட்கார்ந்து கமலாத்தாளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் அவளும் கிட்டே போய் முந்தானையைப் பிடித்திருக்கிறாள். அத்தை அவளைத் தள்ளிவிட்டாளாம், பாம்பு வந்தால் தள்ளிவிடுகிற வேகத்தில். முழங்கையில் அடிபட்ட தழும்பு கமலாத்தாளுக்குக் கடைசி வரைக்கும் இருந்தது. எனக்கு அதைக் காட்டித்தான் அவள் கதை சொல்வாள்.

“எங்கம்மாவுக்கு என்னக் கண்டா ஆகாது நாச்சி. பொட்டப்புள்ளன்னு வெறுத்துப்போட்டா.”

நானும் அப்படித்தான் நம்பினேன். ஊரே அப்படித்தான் நம்பியது. அத்தை அந்தப் பெயரோடு சந்தைக்குப் போனாள், கல்யாணத்துக்குப் போனாள், பந்தியில் மற்ற பெண்கள் ஒரு மாதிரி பார்த்ததையும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். மகளுக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. எண்ணெய் தேய்த்துத் தலை வார, எட்டாவது வரைக்கும் படிக்க வைக்க, நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க என்று எல்லாம் செய்தாள். ஆனால் கமலாத்தாளுக்கு வேண்டியது அதுவா.

1968இல் அவளை வேலந்தாவளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஆறு வருசம் பிள்ளையில்லாமல் இருந்து, எழுபத்து நாலில் ஒரு ஆண்குழந்தை பிறந்தது. அடுத்த வருசம் ஆடி நோன்புக்குத் தாய்வீடு வந்தவள் முதலில் ஓடை தாண்டி ரம்லாவைப் பார்க்கத்தான் போனாள். ரம்லாம்மா என்றுதான் கூப்பிடுவாள். இடது மாரில் கடலைப்பருப்பு அளவுக்கு என்னமோ கையில் தட்டுப்படுகிறது என்று அவளிடம்தான் சொன்னாள். ரம்லா அன்றைக்கே அத்தையிடம் வந்து சொன்னாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

அத்தை சிரித்தாள். பயந்து நடிக்கிற சிரிப்பில்லை அது. நிம்மதியான சிரிப்பு.

“பால் கட்டிக்கிட்டிருக்கும். புள்ள சரியாக் குடிக்கிறதில்ல. ரண்டு நாள் பூ வெச்சுக் கட்டினாச் சரியாப் போகும்.”

“ஆசுபத்திரில ஒருக்காக் காட்டிட்டா நல்லதுங்க மயிலாக்கா” என்றாள் ரம்லா.

“அவளுக்கு அதெல்லாம் வராது.”

எது வராது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்டேன். “எனக்குத் தெரியுமின்னாத் தெரியும், நீ சும்மா இரு அம்மணி” என்றாள். அந்த நாளில் எனக்கு முத்தாத்தாளின் கதையும் தெரியாது, காளியாத்தாளின் கதையும் தெரியாது. அங்கே இருந்தவர்களில் தெரிந்த ஒரே ஆள் இவள்தான். அந்த ஒரு ஆளுக்கும் துளி சந்தேகம் வரவில்லை. இருபத்தாறு வருசம் ஊர் வசவைத் தின்று அவள் சம்பாதித்த ஒரே சொத்து அந்த நிச்சயம்தான். அதை அவள் எப்படி விடுவாள். என் கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்றும் எனக்குத் தெரியவில்லை.

மல்லிகை வைத்துக் கட்டினாள். ஒத்தடம் கொடுத்தாள். வேப்பெண்ணெய் தடவினாள். தன் கையாலேயே, தினமும் குளிப்பாட்டி, துடைத்து, பூவைப் பரப்பிக் கட்டிவிட்டாள். கமலாத்தாளுக்கு அது பிடித்திருந்தது. புருசன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டாள். “இப்பத்தான் எங்கம்மா என்னத் தொடுறா நாச்சி” என்று என்னிடம் சொன்னாள். ஐப்பசியில் கட்டி எலுமிச்சை அளவு ஆயிற்று. தையில் தோல் சுருங்கியது. மாசியில் அக்குளில் இன்னொன்று வந்தது. ஒரு நாள் கட்டை அவிழ்த்தபோது பூவில் ரத்தம் இருந்தது. அன்றைக்குத்தான் அத்தை என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். வகுப்பு வாசலில் நின்றாள். அம்மாவின் புண்ணையும் அக்காவின் புண்ணையும் கழுவியவளுக்கு அந்த வாடை தெரியாதா.

கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். வாளையார் செக்போஸ்டில் லாரி வரிசைக்குப் பின்னால் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. கமலாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பார்த்தாள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டாள். “இல்லீங்க, ஆருக்குமில்லீங்க” என்றாள் அத்தை. பழக்கதோஷம்.

நுரையீரலுக்குப் போய்விட்டது, எலும்புக்கும் போய்விட்டது, மதராசுக்குப் போய் ரேடியக் கரண்டு வைத்தாலும் வலி கொஞ்சம் குறையுமே தவிர வேறொன்றும் ஆகாது என்று எங்களிடம் சொல்லிவிட்டார்கள். ஏழெட்டு மாசம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டரம்மா கேட்டாள்.

வராந்தாவில் வைத்து அத்தையை நான் பிடித்துக்கொண்டேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அவளுக்கு வராதுன்னு எத வெச்சுச் சொன்னீங்க, சொல்லுங்க என்றேன். அத்தை தரையில் உட்கார்ந்து, முதல் முறையாக, எல்லாவற்றையும் சொன்னாள். முத்தாத்தாள், காளியாத்தாள், மல்லிகை, முருங்கை மரம், ரம்லா. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, “நீ பயப்படாத கண்ணு. நீ உங்கம்மா பாலக் குடிச்சவ, அவ வேற கூட்டம். உனக்கு ஒண்ணும் வராது” என்றாள். மகள் உள்ளே சாகக் கிடக்கிறாள், இவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

நான் மட்டும் திரும்ப டாக்டரம்மாவிடம் போய் நிஜத்தைச் சொன்னேன். அவள் ஒரு சீட்டின் பின்பக்கம் பென்சிலால் படம் போட்டாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நான் சொல்லச்சொல்ல ஒவ்வொரு வட்டமாகக் கறுப்படித்தாள். முத்தாத்தாளின் அம்மா, முத்தாத்தாள், காளியாத்தாள், கடைசியில் கமலாத்தாள். மயிலாத்தாளின் வட்டம் மட்டும் நடுவில் வெள்ளையாக இருந்தது.

“பால்ல இது வராதும்மா. பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சில குடும்பத்துல ரத்தத்தோடயே இறங்குது. பொறக்கும்போதே வந்துடும். உங்க அத்தைக்கும் அது இருக்கணும், ஆனா அவங்கள ஒண்ணும் பண்ணாம தாண்டிப் போயிருக்கு. அப்படியும் ஆகும். அது என்னன்னு இன்னும் ஆருக்கும் சரியாத் தெரியல” என்றாள். அப்புறம் கேட்டாள்: “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

“அவங்க தம்பி மகளுங்க.”

மயிலாத்தாளின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டாள், எங்கப்பன். அதிலிருந்து ஒரு கோடு இழுத்து ஒரு வட்டம் போட்டாள், நான். அந்த வட்டத்துக்குள் பென்சில் முனையால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள்.

“ஆம்பளைக்கு வராட்டியும் ஆம்பள வழியா வரும். உங்களுக்கு வந்தே தீரும்னு சொல்லல. வராமலும் போகலாம். மாசம் ஒரு தடவை கையால பாத்துக்குங்க. கட்டி தட்டுப்பட்டா அன்னைக்கே வந்துருங்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு மாசமும் முதல் தேதி, வருகைப் பதிவேட்டில் புதுப் பக்கம் தொடங்குகிற நாளில், காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன். பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறேன். இதை எழுதும் இந்த எழுபத்தொன்பது வரைக்கும் ஒன்றுமில்லை.

டாக்டரம்மா சொன்னதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. பாலில் வராது என்று சொன்னால் அவள் பட்டதெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் அவளிடம் இருந்ததையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எங்கப்பனிடமும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்வதில் நானும் அந்த வீட்டுப் பெண்தான்.

கமலாத்தாளிடம் மட்டும் பாதியைச் சொன்னேன். சாவதற்கு ஒரு வாரம் முன்னால், அத்தை வெந்நீர் வைக்கப் போயிருந்தபோது, அவள் பழையபடி முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு, பொட்டப்புள்ளன்னு வெறுத்துப்போட்டா என்று தொடங்கினாள். இல்லை நங்கை என்று சொல்லிவிட்டேன். உங்கம்மா உங்களுக்கு இது வரக்கூடாதென்றுதான் கொடுக்கவில்லை, பாலில் வருமென்று நம்பிவிட்டாள் என்றேன்.

“அப்ப என்னய வேண்டாமுன்னு இல்லியா” என்றாள். முகம் தெளிந்த மாதிரி இருந்தது. நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தத் தெளிவு போய்விட்டது.

“சொல்லியிருந்தா கட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போயிருப்பேனே நாச்சி.”

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அத்தை வெந்நீரோடு வந்து துணி மாற்றினாள். மூன்றாவது தடவையாக, மூன்றாவது ஆளுக்கு. 1976 சித்திரையில் கமலாத்தாள் இறந்தாள். குழந்தையை அவள் புருசன் வீட்டார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எழவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. கண்ட பாலைக் குடித்து வளர்ந்த உடம்பு, அதான் இப்படி என்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் ரம்லாவின் காதில் விழும்படியே பேசினார்கள். ரம்லா பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். “எங்க வகையில ஆருக்கும் இந்த நோவு இல்லியே மயிலாக்கா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்” என்றாள். அத்தை சொல்லவில்லை. சொல்வதானால் முத்தாத்தாளிலிருந்து சொல்ல வேண்டும். நானும் அங்கேதான் நின்றேன், நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த மாசம்தான் ஒரு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ரம்லா எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் ஓடையைத் தாண்டி வரவேயில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நாள் அது.

கல்யாணம் ஆகி, எழுபத்தெட்டு ஆவணியில் எனக்கு எங்கப்பன் வீட்டில் பிரசவம் ஆயிற்று. பெண்குழந்தை. எனக்கு இருபத்தேழு, கமலாத்தாள் செத்த வயது. ஒன்பதாம் நாள் மத்தியானம் அத்தை வந்தாள். ரெண்டு வருசத்தில் அப்படியே வற்றிப்போயிருந்தாள். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. அவளைத் தாண்டிப் போனது தாண்டிப் போனதுதான். அம்மா அடுப்படியில் இருந்தாள். அறையில் நானும் குழந்தையும்தான். அத்தை கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, மடியை அவிழ்த்தாள். மடி நிறைய உதிரி மல்லிகை. தலைக்கு வைக்கத்தான் கொண்டு வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“நாச்சி, நீ இதுக்குப் பால் குடுக்காத.”

“ஏனுங்கத்தை? நா வேற பாலக் குடிச்சவன்னு நீங்கதான சொன்னீங்க.”

“சொன்னேன். இப்ப எனக்கு எதுலயும் நம்பிக்க இல்ல. உன்ற மூஞ்சி எங்கம்மா மூஞ்சியாட்டவே இருக்குது. உங்கப்பன் எங்கம்மா பாலத்தான் குடிச்சான். அதுலிருந்து என்ன வந்துச்சு, ஏது வந்துச்சுன்னு ஆருக்குத் தெரியும். ஒரு சொட்டுக்கூடக் குடுக்காத. ஒரு சொட்டுப் போதும் அதுக்கு.”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் பூவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நாங் குடுத்துப்போட்டேன் நாச்சி. ஒருக்கா. அவளுக்கு மூணு மாசம் இருக்கும். ஐப்பசி மழ, ஓட ரொம்பிப்போச்சு. ரம்லா இக்கட்ட வர முடியல, நா அக்கட்டப் போக முடியல. காலைல இருந்து கத்துறா. சக்கரத் தண்ணி குடுத்தேன், துப்பிப்போட்டா. மத்தியானத்துக்கு மேல சத்தம் போட முடியாம வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுறா. கட்ட அவுத்துப்போட்டேன். வத்திப்போச்சுன்னு நெனச்சேன், வந்துருச்சு. அவ குடிச்சுக்கிட்டே என் மூஞ்சியப் பாத்தா. ஒரே ஒருக்கா. அதுலதான் போயிட்டா. நாந்தான் கொன்னுபோட்டேன்.”

இருபத்தொன்பது வருசம் முந்தின அந்த மழைநாளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வராந்தாவில் எல்லாம் சொன்னபோதுகூட இதைச் சொல்லவில்லை. அதன் பிறகு இந்த இரண்டு வருசமும் இதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

குழந்தை சிணுங்கியது. நான் அதை எடுத்து மாரில் வைத்தேன். அத்தை கையை நீட்டித் தடுக்க வந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் மறைக்க முடியாதென்று தோன்ற, சொல்லிவிட்டேன்.

“பால்ல வராதுங்கத்தை. டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க, நாந்தான் உங்ககிட்டச் சொல்லல. அது பொறக்கும்போதே ரத்தத்துல வருதுங்களாமா. எங்கப்பன் வழியா எனக்கும் வந்திருக்கலாம், இவளுக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். பால் குடுத்தாலும் அதேதான், குடுக்காட்டியும் அதேதான். நீங்க அன்னைக்குக் குடுத்ததால நங்கைக்கு ஒண்ணும் வரல.”

அந்த ஒரு வேளைப் பாலின் பழி இறங்கினால் அவளுக்கு மூச்சு விட முடியும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் ஓடியது. அத்தை கையை விடுவித்துக்கொண்டாள். குழந்தை குடிப்பதையே பார்த்தாள். அவளுடைய கை மெதுவாகத் தன் மார் மேல் போய், சேலைக்கு மேலேயே, அப்படியே நின்றது.

“அப்ப நாங் குடுத்திருக்கலாமா, நாச்சி?”

நான் குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட்டேன். அவள் விடவில்லை.

“மூணு வருசமும்? நஞ்சப்பனுக்குக் குடுத்தாப்பல?”

“குடுத்திருக்கலாமுங்கத்தை” என்றேன்.

அத்தை மடியிலிருந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டிலில் வைத்தாள். அம்மா அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. என் மகள் பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது குடித்து முடிக்கும்வரைக்கும் அத்தை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.